ஜாமுக்குள் வைத்த குளிசை

முதல் நாள் உங்களுக்கு ஒரு நீலச் சட்டையும் ஒரு சாவிக்கொத்தும் தருவார்கள். ஆளை எப்படிப் புரட்டுவது, எப்படித் தூக்குவது, முதுகு போகாமல் எப்படிக் குனிவது என்பதையெல்லாம் பயிற்சிப் பள்ளியிலேயே காட்டியிருப்பார்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். உங்களில் பலர் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள். தமிழ் வாசிக்க வராதவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ இதை வாசித்துக் காட்டட்டும். முதியோர் பராமரிப்பு வேலையில் நான் விட்ட பிழைகளில் பெரியதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் நான் ஓரிடத்தில் நின்றவனல்ல. கப்பலில் பாத்திரம் கழுவினேன். ஜெர்மனியில் ஒரு சமையலறையில் கிடந்தேன். காசுக்கு ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் எங்கள் எட்டுப் பேரை ஹம்பேர்க்கில் ஒரு லொறிக்குள் ஏற்றி, சத்தம் போடாமல் கிடக்கவென்று ஆளுக்கு இரண்டு நித்திரைக் குளிசை தந்தான். நான் விழித்தபோது பன்றிப் பண்ணை மணம் அடித்தது. டென்மார்க் வந்துவிட்டது என்றார்கள். எல்லையைக் கண்ணால் காணவில்லை, பயப்படவும் இல்லை. அந்தக் குளிசைதான் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் என்று கனகாலம் நினைத்திருந்தேன். இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும்.

பிறகு எஸ்பியர்க்கில் மீன் வெட்டினேன், கோல்டிங்கில் இறைச்சி அடைத்தேன். எங்கும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கவில்லை. நாற்பது வயது கடந்த பிறகு ஒடென்சேயில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். மன்னாரிலிருந்து வந்த திரேசா அக்கா அங்கே முன்னமே வேலை செய்துகொண்டிருந்தார். அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் பிரிவுக்கு ஒரு மூத்த தாதி இருந்தார். உயரமான, மெலிந்த டெனிஷ் பெண். சிரிப்பது குறைவு. நான் சேர்ந்த முதல் கிழமை, குளிக்க மாட்டேன் என்ற ஒரு கிழவரை நான் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன். தாதி வாசலில் நின்று பார்த்தார்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டால் மாட்டன் எண்டுதான் சொல்லுவார்."

"அப்ப அதுதான் பதில்."

டெனிஷில் பேசியதை நான் எங்கள் பேச்சில்தான் எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்கு வராது. அவரோடு வேலை செய்த காலம் முழுவதும் எந்தப் பிரச்சினையோடு போனாலும் அவருடைய முதற் கேள்வி இதுதான். கேட்டியா?

அந்தப் பிரிவின் கடைசி அறையில் ஒரு யூத அம்மா இருந்தார். எண்பது வயது. ஒரு காலத்தில் மேடையிலும் படத்திலும் நடித்தவர். பெயரைச் சொல்ல மாட்டேன். வேலையில் அறிந்ததை வெளியே விடக்கூடாது என்று நீங்களும் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். நானும் திரேசா அக்காவும் எங்களுக்குள் அவரை 'நடிகை அம்மா' என்போம்.

முதல் நாள் நான் கோப்பித் தட்டோடு போனேன். முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"வெளியிலை போய்த் திரும்ப வாரும்," என்றார்.

"ஏன்?"

"குண்டியைக் காட்டிக்கொண்டு மேடைக்கு வாற வேலைக்காரனை நான் கண்டதில்லை. சனம் சிரிக்கும்."

போய்த் திரும்ப வந்தேன். மூன்றாம் தரம்தான் சரி என்றார். அடுத்த நாள் என் டெனிஷைப் பிடித்துக்கொண்டார். வாய்க்குள் கிழங்கை வைத்துக்கொண்டு கதைக்கும் பாஷை என்று எங்கள் ஆட்கள் சொல்வதை நான் அவருக்குச் சொன்னேன். "கிழங்கு சரி, உம்முடையது இன்னும் அவியேல்லை," என்றார்.

"நீங்கள் கதாநாயகியாய் நடிச்சனீங்களோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூண்டு வருசம் கதாநாயகி. முப்பது வருசம் வேலைக்காரி. தட்டு ஏந்துறதைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை."

துண்டு துண்டாகத்தான் சொன்னார். ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்த பிறகும் கொஞ்சக் காலம் அவர் மேடையில் நின்றார். பிறகு சுவரொட்டியில் அவர் பெயரின் எழுத்துச் சிறிதாயிற்று. பிறகு பெயர் இல்லை. ஒரு படம் பாதி எடுத்திருந்தார்கள். யூதர்களைப் பிடிக்கத் தொடங்கிய அந்த ஒக்டோபரில் அவர் மீன்பிடிப் படகில் சுவீடனுக்கு ஓடினார். சண்டை முடிந்து திரும்பியபோது அந்தப் படம் ஓடி முடிந்திருந்தது. அவர் வந்த காட்சிகளையெல்லாம் வேறொருத்தியை வைத்துத் திரும்ப எடுத்திருந்தார்கள்.

"ஒரு இடத்திலை கதவு திறக்கும். அந்தக் கை என்ரை. அதை மட்டும் மாத்த மறந்து போனாங்கள்," என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். எலும்பும் தோலுமான கை. "பாரும். படத்திலை நடிச்ச கை."

ஒருநாள் பின்னேரம் பொதுக்கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு கிழவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். நடிகை அம்மா என்னை இடித்துக் காட்டினார்.

"மேடையிலை ஒருத்தரும் இப்படி நித்திரை கொள்ளுறதில்லை. வாயை மூடி, நாடியைக் கொஞ்சம் உயர்த்தி, வடிவாய்க் கொள்ள வேணும். காசு குடுத்து வாறவன் வாய்க்குள்ளை பாக்க வாறதில்லை."

"நீங்களும் வாயைத் திறந்துகொண்டுதான் கொள்ளுறனீங்கள். இடப்பக்கமாய். ஒரு விசில் சத்தமும் வரும்."

"பொய்."

"விடிய நான்தானே வந்து பாக்கிறனான்."

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவரே அதைச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வருடம் அவருக்கு நித்திரை குறைந்தது. வைத்தியர் ஒரு குளிசை எழுதினார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஜன்னலோரப் பூச்சாடிக்குள் விரலால் புதைத்தார். பிறகு என்னை இருக்கச் சொன்னார். அவர் அன்று சொன்னதை நான் ஒரே தரம்தான் கேட்டேன்.

படகின் அடித்தட்டில் மீன் பெட்டிகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு பேர். அவருடைய தங்கை ஒரு மூலையில், கடற்சுகவீனத்தில் சத்தி எடுத்துக்கொண்டு. தங்கையின் மகன் இவருடைய மடியில். மூன்று வயது. குழந்தைகள் அழுதால் ரோந்துப் படகுக்குக் கேட்கும் என்று ஒரு வைத்தியர் கரையிலேயே ஊசி போட்டுவிட்டார். சுவீடன் வரும்வரை தூங்குவான் என்றார்.

"பாதி வழியிலை எனக்குத் தெரிஞ்சுது," என்றார். "மூச்சு இல்லை. கை குளிர்ந்து போச்சு. தங்கச்சி அந்தப் பக்கம் இருந்து கேட்டாள், என்ன செய்யிறான் எண்டு. நித்திரை எண்டன். அவள் கத்தினால் எல்லாரும் போயிடுவம். மடியை ஆட்டிக்கொண்டே இருந்தன். வாய்க்குள்ளை தாலாட்டு முணுமுணுத்தன். கரை வரும்வரை. நான் நடிச்சதிலேயே நீளமான வேசம் அது. அதிலை நான் ஒரு பிழையும் விடேல்லை."

திரும்பி வந்த பிறகு ஒரு நாடகத்தில் அவருக்குப் பெரிய வேடம் கிடைத்தது. தாய் பிள்ளையைத் தூங்க வைக்கும் ஒரு காட்சி அதில் இருந்தது. மூன்றாம் நாள் ஒத்திகையில் அந்தப் பிள்ளையை மேடைக்காரன் ஒருவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்துவிட்டார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அதன் பிறகு தட்டு ஏந்தும் வேடங்கள்தான்.

"எனக்குத் தெரியாமல் என்னை நித்திரையாக்காதையும்," என்றார். "செத்தாலும் பரவாயில்லை. முழிப்பாய்ச் சாவன்."

நான் சரி என்றேன். அது போதாது என்று தலையாட்டினார். நாங்கள் ஊரில் கையில் அடித்துச் சத்தியம் செய்வோம் என்று சொன்னேன். கையை நீட்டினார். அந்தப் படத்தில் நடித்த கை. அதன் மேல் அடித்துக் கொடுத்தேன்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டு வேறெங்கும் போகாமல் நின்றதற்கு அவரும் ஒரு காரணம்.

அடுத்த ஒக்டோபரில் எங்கள் கட்டடச் சுவருக்குள் பூஞ்சை பிடித்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பிரிவில் இருந்த பதினெட்டுப் பேரையும் நகரத்தின் மறுபக்கத்தில் இருந்த வேறொரு கட்டடத்துக்கு மூன்று நாளுக்குள் மாற்ற வேண்டும். நாங்கள் ஒழுங்காக வேலை செய்பவர்கள். ஆளுக்கு ஒரு சூட்கேஸ் கட்டினோம். மாறிப் போகாமல் இருக்க ஆளுக்கு ஒரு காகிதப் பட்டியில் பெயரும் இலக்கமும் எழுதி மணிக்கட்டில் ஒட்டினோம். காலை பத்து மணிக்கு மழைக்குள் பஸ் வந்து நின்றது. மேலங்கி போட்ட கிழவர்களை வரிசையாக நிறுத்தினோம். நான் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டேன்.

என் ஊரில் பட்டியலோடு வந்தவர்களை நான் கண்டவன். வரிசையில் நின்றவன். எனக்கே அது உறைக்கவில்லை. ஏனென்றால் இந்த முறை பட்டியல் என் கையில் இருந்தது.

நடிகை அம்மா அதை மேலிருந்து ஜன்னலால் பார்த்திருக்கிறார். நான் கூப்பிடப் போனபோது குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தினை பேர்?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"பதினெட்டு."

"பட்டியல் ஆரிட்டை?"

"என்னட்டைத்தான், அம்மா. நான்தான்."

"அப்ப நீரும்தான்," என்றார்.

மூத்த தாதி வந்து கதவுக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, இண்டைக்கு நீங்கள் போக வேண்டாம் என்றார். கதவு திறந்தது. மறுநாள் காலையும் அதேதான். மூன்றாம் நாளுக்குள் பதினாலு பேர் போய்விட்டார்கள். கடைசியாக நான்கு பேர்தான் மிச்சம், அதில் ஒருவர் அவர். அன்று மதியம் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்த வேலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். வைத்தியர் தொலைபேசியில், அமைதிப்படுத்த ஒரு குளிசை கொடுக்கலாம் என்று தாதிக்குச் சொன்னார். தாதி இரண்டு நோயாளிகளோடு முதல் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. போகுமுன் குளிசையை என் கையில் வைத்தார்.

"முதல் கேள். இது என்ன எண்டு சொல்லிக் கேள். வேண்டாம் எண்டு சொன்னால் எனக்குப் போன் பண்ணு. நான் வந்து அவவோடை இருக்கிறன். பின்னேரம் ஆகட்டும், இருட்டுக்குள்ளை இருந்தாலும் இருப்பம்."

அவர் போனார். நகராட்சிக்காரன் ஒருவன் நடைபாதையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பஸ் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. நான் சமையலறைக்குப் போனேன். திரேசா அக்கா பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கரண்டியால் குளிசையை நசுக்குவதைக் கண்டார்.

"என்னடா தம்பி செய்யிறாய்?"

"பாணிலை ஸ்ட்ரோபெரி ஜாம் பூசிக் குடுப்பம் எண்டு."

"அவவைக் கேட்டனியே?"

"கேட்டால் மாட்டன் எண்டுவா, அக்கா. ஊரிலை பிள்ளையளுக்கு வாழைப்பழத்துக்குள்ளை வைச்சுக் குடுக்கிறேல்லையே?"

"அவ பிள்ளையில்லை."

"பாவம், ஒண்டும் தெரியாமல் போய்ச் சேரட்டும். நான் வந்தது அப்படித்தானே."

இதைச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. லொறிக்குள் எனக்குக் கிடைத்த நித்திரையை அவருக்கும் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். எனக்கு நல்லதாய் இருந்தது இன்னொருவருக்கும் நல்லதாய் இருக்கும் என்று நினைத்தேன். பஸ் நின்றதும் ஒரு காரணம், கடிகாரத்தைப் பார்த்தவனும் ஒரு காரணம். ஆனால் அவசரத்தில் செய்தேன் என்று சொல்லி நான் தப்பப் போவதில்லை. ஜாமைப் பூசும்போது கை நடுங்கவில்லை. ஓரம் வரை சீராகப் பூசினேன்.

தட்டை முறையாக ஏந்திக்கொண்டு, முன்பக்கமாக, அவர் பழக்கின மாதிரியே உள்ளே போனேன். இரண்டு நாளாக என்னை நம்பாமல் இருந்தவர், அந்த நடையைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார்.

"இண்டைக்குச் சரியாய் வந்திருக்கிறீர்," என்றார். பாணை முழுவதும் சாப்பிட்டார்.

அரை மணித்தியாலத்தில் தலை சாய்ந்தது. சக்கர நாற்காலியில் இருத்தி, மணிக்கட்டில் பட்டியை ஒட்டிப் பஸ்ஸில் ஏற்றினோம். மழை அவர் முகத்தில் பட்டது. அதற்கும் விழிக்கவில்லை.

புதுக் கட்டடத்தின் வாசலில் மூத்த தாதி நின்றார்.

"கேட்டியா?"

"ஓம்," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டில், சம்மதத்தோடு எடுத்தார் என்று எழுதினார்.

பின்னேரம் நான்கு மணிக்கு நடிகை அம்மா கண் திறந்தார். நான் கட்டிலருகே இருந்தேன். தெரியாத சுவர், தெரியாத ஜன்னல். அவருடைய இரண்டு கைகளும் மடியைத் தடவின. போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"பிள்ளை எங்கை?" என்றார்.

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பட்டியில் இருந்த இலக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மருந்து தெளிந்து, ஆள் திரும்பி வருவதை அந்தக் கண்ணில் கண்டேன். எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் உள்ளே போகும்போதெல்லாம் அவர் தூங்கினார். காலை, மதியம், பின்னேரம். வாயை மூடி, நாடியைக் கொஞ்சம் உயர்த்தி, வடிவாக. திரேசா அக்கா போனால் எழுந்து உட்கார்ந்து கோப்பி குடிப்பார், கதைப்பார். என் காலடிச் சத்தம் நடைபாதையில் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டுச் சரிந்துவிடுவாராம்.

"உன்னோடை கோவம் எண்டும் சொல்லுறா இல்லை," என்றார் அக்கா. "உன்ரை பேரையே எடுக்கிறா இல்லை. போய் மன்னிப்புக் கேளன்."

"நித்திரை கொள்ளுறவவிட்டை எப்படிக் கேக்கிறது?"

"அவ நித்திரை கொள்ளேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே. எருமை."

தெரியும். அதனால்தான் கேட்க முடியவில்லை. கேட்டால் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நான் தட்டை வைத்துவிட்டு, வெளியே காற்று, பஸ் பிந்திவிட்டது, இன்றைக்கு மீன் சாப்பாடு என்று சொல்லிவிட்டு வருவேன். பதினொரு கிழமை இப்படிப் போனது.

ஜனவரி மாதத்தில் ஒரு காலை. பனி கொட்டி வெளிச்சமாக இருந்தது. உள்ளே போனேன். அவர் இடப்பக்கம் தலை சாய்த்திருந்தார். வாய் திறந்திருந்தது.

இன்றைக்கு உண்மையாகவே தூங்குகிறார் என்று நினைத்தேன். நான் வந்தது அவருக்குத் தெரியாது. இப்போது சொன்னால் அவருக்குக் கேட்காது. அந்த நினைப்பில்தான் எனக்குத் தைரியம் வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். ஜாமைப் பற்றிச் சொன்னேன். ஏஜென்சிக்காரனின் குளிசையைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன், உங்களைக் கேட்கவில்லை, கையில் அடித்துத் தந்ததை நானே முறித்தேன் என்றேன். டெனிஷில் தொடங்கித் தமிழில் முடித்தேன். மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். பிறகு எழுந்து, கோப்பியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பதினொரு கிழமைக்குப் பிறகு மார்பு லேசாக இருந்தது. பிரிவின் நாட்குறிப்பில், 'நித்திரை' என்று எழுதினேன்.

அரை மணித்தியாலம் கழித்துத் திரேசா அக்கா உள்ளே போனார். உடனே திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ போகேக்கை அவ இருந்தவவே?"

நான் அறைப் பக்கம் திரும்பினேன்.

"மூச்சு இருந்ததே? பாத்தனியே?"

பார்க்கவில்லை. தொடவும் இல்லை. அந்த விசில் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்கவும் இல்லை. அவருக்குக் கேட்காது என்பதிலேயே நான் சந்தோஷமாக இருந்தேன். வைத்தியர் வந்து, காலையில் எப்போதோ என்றார். அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை.

அன்று மதியம் மூத்த தாதியிடம் போனேன். "அண்டைக்கு நான் கேக்கேல்லை," என்றேன். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து, பேனாவை என்னிடம் தந்தார். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். நான் எழுதிய மூன்று வரிக்குக் கீழே அவரும் ஒரு வரி எழுதினார். 'நான் முதல் பஸ்ஸில் போயிருக்கக் கூடாது.' இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "போகலாம்," என்றார். "ஆனால் போற இடத்திலையும் ஆரோ ஒருத்தர் கட்டிலிலை கிடப்பினம்." நான் போகவில்லை. ஓய்வு பெறும்வரை, பத்தொன்பது வருடம், அதே பிரிவில் இருந்தேன்.

உங்களுக்கும் அந்தப் பஸ் வரும். ஆள் பற்றாக்குறை வரும், மேலதிகாரி வருவார், கடிகாரத்தைப் பார்ப்பவன் நடைபாதையில் வந்து நிற்பான். மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அப்போதும் கேளுங்கள். அந்த மாட்டேனை உங்கள் காதால் கேளுங்கள். அவர்கள் பட்டது உங்களுக்கும் பட்டது போல இருக்கலாம். நாங்கள் எல்லோரும் எங்கிருந்தோ ஓடி வந்தவர்களின் பிள்ளைகள்தானே. அதனால் உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அப்படி நினைத்துத்தான் கை நடுங்காமல் போயிற்று.

நான் கதிரையில் இருந்து கதைத்தபோது அவர் போய்விட்டிருக்கலாம். உண்மையாகவே தூங்கியிருக்கலாம். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அவர் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவார் என்று ஒருநாள் நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல நடிகை அதை மறந்திருக்க மாட்டார்; அன்று அதையே நடித்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது என்னுடைய வேலை.